பொறுத்தருள்க

கட்டபெட்டு ஃபேக்டரி, மாலை ஐந்தரை.
கொழுந்து விலை ஏறாத நாளில் காட்ட
நான் எழுதிவைத்த பக்கம்:
“இன்றைய விலை இன்னும் வரவில்லை. பொறுத்தருள்க.”

அதைக் காணோமாம்.
காணோம் என்று சொல்லும் பக்கத்தைக் காணாமல்,
காணோம் என்று சொல்ல
மறுபடி அதையே தேடிப்போகிறது சர்வர்.

முகப்பில் வருகிறது. விலை ஃபோல்டருக்குள் போனால் வருவதில்லை.
கேஷைத் துடைத்தேன். இருமுறை கரண்ட் போனது.
சரிவில் ஒரு காட்டெருமை
ஜன்னலையே பார்த்தபடி அசைபோட்டது.

பாதையின் தலையில் ஒரு சாய்கோடு இல்லை.
அவ்வளவுதான்.
நின்ற இடத்திலேயே துழாவியிருக்கிறது,
வேரிலிருந்து தேடத் தெரியாமல்.

ஏழு மணிக்குப் போஜன் அழைத்தார்:
“இப்ப வருது தம்பி. பொறுத்தருள்கன்னு
நல்லா பெரிசா வருது.
வெல எப்ப வரும்?”