புள்ளடி

தேடித் தரச் சொன்னவர் ரொஸலிண்ட் பெட்டிஃபர்.
மணித்தியாலத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, பிரதிக் காசு வேறு.
தேட வேண்டியவன் ஜோப் பெட்டிஃபர்,
சஃபோக்கில் ஒரு குளத்தடி ஊரின் சில்லுத்தச்சன்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில்
மனைவியோடு கப்பலேறியவன்,
அல்லது மனைவியை விட்டுவிட்டு.
அதுதான் கேள்வி.

குடும்பக் கதை இப்படி:
கெசியாவைக் குளத்தடியில் விட்டுவிட்டுக்
கொழும்பில் ஒரு மரியாவோடு குடியிருந்தான்.
நூற்றெழுபது சொச்சம் வருசமாய்
கிறிஸ்மஸ் மேசையில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

நூற்றைம்பத்து நாலாம் பஸ்ஸில் தும்முல்லையில் இறங்கி
சுவடிக்கூடத்தில் பையை ஒப்படைத்து
பென்சில் மட்டும் கொண்டு உள்ளே போனேன்.
மூன்றாம் நாள் ஞானஸ்நான ஏடு வந்தது.
பிள்ளை: ஆண்.
தகப்பன்: சில்லுத்தச்சன், கொம்பனித்தெரு.
தாய்: ஒரு துளை.

இராமபாணம் தின்றிருக்கிறது.
துளையின் கரையில் ஓர் எழுத்தின் கால் மட்டும் மிச்சம்.
கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.
ஆங்கில எச்.
மரியாவுக்கு அந்தக் கால் இல்லை,
கெசியாவுக்கு உண்டு.
எழும்பி நின்று கத்தலாம் போல இருந்தது.
மேசையிலிருந்து பெரேரா பார்த்தார், அடங்கிவிட்டேன்.
பஸ்ஸில்தான் நினைவு வந்தது:
சாராவும் ஹன்னாவும்கூட அதே காலில்தான் நிற்பார்கள்.

வேதத்தில் யோபுவின் மனைவிக்குப் பெயரே இல்லை.
கடைசியில் பிறந்த மகள்மாருக்கு உண்டு,
நடுவிலாள் கெத்சீயாள்.
சின்னனில் ஞாயிறு பள்ளியில் ஏனென்று கேட்டதற்கு
டீச்சர் அந்த வசனத்தை மூன்று தரம் எழுத வைத்தா.

நாலாம் கிழமை, வேறெதையோ புரட்டுகையில்,
காலனிச் செயலாளருக்கு ஒரு மனு.
கணவன் வாந்திபேதியில் போய் ஆறு மாதம்.
படைக் களஞ்சியத்துக்குக் கொடுத்த நாலு சில்லு,
இரும்பு வளையம் போட்டது,
பணம் இன்னும் வரவில்லை.
யாரோ ஒரு கிளாக்கரின் வடிவான எழுத்து.
பெயரை அவர் கேட்கவில்லை,
விதவை பெட்டிஃபர் போதும் என்று விட்டிருக்கிறார்.
அடியில் அவள் போட்ட புள்ளடி.

ரொஸலிண்ட் அனுப்பிய கல்யாணப் பதிவைப் பக்கத்தில் வைத்தேன்.
அங்கே ஜோப் தன் பெயரை எழுதியிருக்கிறான்,
மட்டப்பலகை வைத்துக் கீறியது போல.
அவள், புள்ளடி.
இரண்டிலும் வலக் கோடு நீளம்.
இரண்டிலும் நுனியில் ஒரு சின்னக் கொக்கி,
முடிச்சுப் போட்டு நூலை அறுத்த மாதிரி.
பெயர் எழுதத் தெரிந்திருந்தால்
கிளாக்கர் எழுத்தில் பாதி, பூச்சி வாயில் பாதி.
எழுதத் தெரியாததால் அகப்பட்டாள்.

ரொஸலிண்ட் நன்றி எழுதினார்,
மரியா இல்லாமல் போனதில் கொஞ்சம் கவலையும்.
கடைசி வரியில் கேட்டிருந்தார்:
உங்கள் குடும்பத்தையும் இப்படித் தேடியிருப்பீர்களே?
எங்கள் தகரப்பெட்டி எண்பத்துமூன்றில்
இரத்மலானை வீட்டோடு போனது
என்று எழுதி, அழித்து,
இன்னும் இல்லை
என்று அனுப்பினேன்.

என் காசு மூன்று நாளில் வங்கிக்கு வந்தது, கழிவு போக.
கெசியாவின் காசு?
மனுவின் முதுகில் ‘விசாரிக்க’ என்று ஒரு சொல்,
ஒரு முதலெழுத்து, அவ்வளவுதான்.
பதில் இருந்தால் அடுத்த கட்டில் இருக்கும்.
அதற்கு யாரும் மணித்தியாலக் கூலி தரப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன்.
கோரிக்கைச் சீட்டில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம்.
தேடலின் நோக்கம் என்ற கட்டத்தில்
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
நாலு சில்லு, என்று எழுதினேன்.
பெரேரா வாசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
மிஸ் வண்டி வாங்கப் போறதா?