ஒன்பது பாட்டில் குளிர்

மெஹிகாலியில் ஆகஸ்ட்.
காரின் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும்,
அடுப்பிலிருந்து சட்டி இறக்குவதுபோல.

என் டாக்ஸியின் கம்ப்ரஸர் செத்து மூன்று கோடை.
புதிது போட எலெயூத்தேரியோ கேட்ட தொகையில்
வண்டியே ஒருமுறை இருமி நின்றது.

ஆகவே ஒரு தெர்மாகோல் பெட்டி.
மீன் சந்தையில் கெஞ்சி வாங்கினேன்.
மூடியில் ரொட்டிக் கத்தியால் இரண்டு வட்டம்:
ஒன்றில், உடைசல் லாரியில் கழற்றிய
பன்னிரண்டு வோல்ட் விசிறி, குப்புற.
மற்றதில் கழிவுநீர்க் குழாயின் முழங்கை.
புதுசுதான், சத்தியமாகப் புதுசு;
ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறேன்.
ஒயர், சிகரெட் லைட்டர் துளைக்கு.

முதல் நாள் விசிறியை மல்லாத்திப் பூட்டிவிட்டேன்.
கூரை முழுக்க இறால் வாசம்.
இரண்டாம் நாள் வெறும் ஐஸைக் கொட்டியிருந்தேன்;
பெனிதோ ஹுவாரெஸ் சாலை வளைவில் பெட்டி சரிந்து
கல்யாணத்துக்குப் போனவர் ஈரக் காலுடன் இறங்கினார்,
வாழ்த்துச் சொல்லியனுப்பினேன்.
அப்புறம்தான் பாட்டில்கள். ஒன்பது.
இரவெல்லாம் கல்லாகி,
காலையில் ஒன்றோடொன்று முட்டி
பல் கிட்டித்த மாதிரி சத்தம் போடும்.

நாற்பத்தாறு, நாற்பதாக இறங்கும்.
நாற்பது என்றாலும் காய்ச்சல்தான்.
ஆனாலும் முழங்கைக்கு முன்னால்
ஒரு கையகல இடம் இருக்கிறது.
அங்கே மட்டும் டிசம்பர்.
சிவப்பு விளக்கில் நின்றால்
என் கழுத்தை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்.

ஐஸுக்கு ஒரு வீம்பு.
எவ்வளவு சூடு வந்தாலும் விழுங்கிவிட்டு
உருகித் தீரும்வரை பூஜ்யத்தைவிட்டு நகராது.
தீர்ந்த பிறகு
அதுவும் நம்மோடு சேர்ந்து வேகும்.
மதியம் ஒன்றரைக்குள் அது நடந்துவிடும்.

நேற்று பன்னிரண்டு மணிக்கு ஒருவர் ஏறினார்,
கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பறிகொடுத்து,
வாய் நிறையப் பஞ்சு.
முழங்கையை அவர் பக்கம் திருப்பினேன்.
வேண்டாம் என்று தலையாட்டினார்.
மூடியைத் தானே தூக்கி, ஒரு பாட்டிலை எடுத்து
கன்னத்தில் அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.
மடியில் கிடந்த மூடியில்
விசிறி அவர் சட்டைப் பொத்தானுக்குக் காற்று வீசியது.
இறங்கும்போது பாட்டிலும் இறங்கியது.
கேட்க எனக்கு மனம் வரவில்லை.
கூலியில் ஐந்து பெசோ குறைவாகவும் இருந்தது.

வீட்டில் சமையலறைத் தரையில் ஃபிதென்சியோ.
உறைபெட்டியின் முதுகுப்பக்கம்தான்
அவன் பாய்க்கு மிச்சமிருந்த இடம்.
ஒன்பது பாட்டிலிலிருந்து பிடுங்கிய சூடெல்லாம்
அந்தக் கறுப்புக் கம்பிகள் வழியாக
இரவு முழுக்க என் தம்பியின் மேல் இறங்கும்.
நான்கு மணிக்கு அவன் எழுந்து
டயர்க்கடைக்குப் போக வேண்டும்.

"இன்னைக்கு எத்தனை டிகிரி எறங்குச்சு?"
கண் திறக்காமல் கேட்டான்.
"ஆறு."
"சரிதான்," என்றான். "இங்கே ஏறினது அதுதான்."

சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தான்.
பனியனில் முதுகெலும்பின் வடிவத்துக்கு ஒரு ஈரம்.

எட்டு பாட்டிலையும் துடைத்து உள்ளே அடுக்கினேன்.
ஒன்பதாவதன் இடத்தில்
நான்கு மணிக்கு அவன் போடப்போகும் சட்டையை
நான்காக மடித்து வைத்துக்
கதவைச் சாத்தினேன்.