தடைக்காலத்து வீடு

சித்திரை பிறந்தால் விசைப்படகுகள் நங்கூரத்தில் நிற்கும்.
அறுபத்தோரு நாள்
என் வீட்டுக்காரர் தொம்மைராசு
கொத்தனாருக்குக் கையாள்.
ஆள் இருப்பார், காசு இருக்காது.
ஆனியில் கடலுக்குப் போனபின்
காசு இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற
நாலைந்து நாளில்தான்
எங்கள் வீடு கொஞ்சம் மாறும்.

முதல் வருஷம் அடுப்படி.
சாந்தைக் கொத்தக் கொத்த
உள்ளே செங்கல் இல்லை.
எந்தக் காலத்திலோ தீவுப்பக்கமிருந்து
வள்ளத்தில் ஏற்றிவந்த பவளப்பாறை.
மூளைபோல் மடிப்பு மடிப்பாய் ஒன்று,
தேனடைபோல் ஒன்று,
வாயைத் திறக்காத ஒரு சிப்பி.
மகள் ஜெனோபா ஓட்டைகளில் விரல்விட்டுப் பார்த்தாள்.
கோட்டைச்சாமி ஒரு துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பினார்.
"இன்னும் உப்புக் கக்குதும்மா.
என்னத்தப் பூசினாலும் ஒரு மழதான் நிக்கும்.
இடிச்சிட்டுச் செங்கல் வச்சிருங்க."
அவர் சொன்ன தொகையை
அன்று முழுக்க
நண்டுக் கம்பெனிக் கூலியால் வகுத்துக்கொண்டிருந்தேன்.
சுவர் அப்படியே நின்றது.
ஐப்பசியில் அது வெள்ளையாய்ப் பூத்தது.
விளக்குமாற்றால் தட்டி, முறத்தில் அள்ளிக் கொட்டினேன்.
கோட்டைச்சாமி சொன்னது சரிதான் என்று
கோட்டைச்சாமியிடம் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷம் கக்கூஸ்.
அதுவரை ராத்திரியில் நானும் டார்ச்சும்.
இப்போது கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது.
அதைப்பற்றி இதற்குமேல் வேண்டாம்.

மூன்றாம் வருஷம் சன்னல்கள்.
முதலாளி படகுக்கு அடித்து மிஞ்சிய நீலம்
முக்கால் டப்பா.
பாம்பன் காற்றில் பெயின்ட் காய்வதற்குள்
மணல் வந்து ஒட்டிக்கொள்கிறது,
தொட்டால் சொரசொர.
ஜெனோபாவுக்கு ஊதாதான் வேண்டும்.
அகமது கனி கடைக் கலர் அட்டையைத்
தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள்.
விலை கேட்டபின்
அவள் அறைக் கதவின் உள்பக்கத்துக்கு மட்டும் ஊதா.
மூடினால் அவளுக்குத் தெரியும்.
திறந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு
யாருக்கும் தெரியாது.

இந்த வருஷம் கூடம்.
இங்கேதான் விஷயம்.
பத்திரப்படி வீட்டில் பாதி இவருக்கு,
பாதி தூத்துக்குடியில் இருக்கும்
பிலவேந்திரன் அத்தானுக்கு.
விட்டத்துக்கு நேர் கீழே
கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது.
இந்தப்பக்கம் டைல்ஸ், அந்தப்பக்கம் பழைய சிமென்டு
என்று யாரும் பேசி முடிவுசெய்யவில்லை.
வாங்கும்போதே அந்த அளவுக்குத்தான் வாங்கினோம்,
அதுவும் ராமநாதபுரத்தில் கழித்துப் போட்ட லாட்டில்
மூன்று டிசைன்.

கடைசி வரிசை கோட்டைத் தாண்டி
அரையடி நீண்டது.
வெட்டச் சொன்னேன்.
"மட்டச் சரக்கும்மா, வெட்டினா நொறுங்கிரும்."
இவர் சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்,
அங்கே யாரோ கூப்பிட்டதுபோல.
பதித்தாகிவிட்டது.
அன்றிலிருந்து அந்த அரையடியில் நான் கால் வைப்பதில்லை.
கூட்டும்போது மட்டும்
கூடுதலாய் இரண்டு இழுப்பு.

கோயில் திருவிழாவுக்கு அத்தான் வந்தார்.
வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்,
முன்பெல்லாம் கூடம்வரை போட்டுக்கொண்டு வருவார்.
காப்பியை வாங்கிக்கொண்டு
பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையால் இழுத்துவந்து
பின்கால் இரண்டும் அந்த அரையடியில்,
முன்கால் சிமென்டில்
வைத்து உட்கார்ந்தார்.
நாற்காலி லேசாக ஆடியது.
தெரிந்துதான் போட்டாரா?
காற்று அந்த இடத்தில்தான் வரும்,
அதுவும் உண்மை.

முறுக்குத் தட்டோடு நிற்கிறேன்.
அவர் குனிந்து
டைல்ஸின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடினார்,
வலையில் முடிச்சுப் பார்க்கிறமாதிரி.
"இன்னும் மிச்சம் கெடக்கா?"

எதற்குக் கேட்டார்?
தன் பக்கத்துக்கும் பதிக்கவா,
கணக்கு வைக்கவா,
காப்பி ஆறும்வரை பேச்சுக்கா?

கட்டிலுக்கு அடியில் பதினொன்று இருந்தது.
நாலு என்றேன்.