முள் தூங்கும் வரை

யார்க்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
வேனில் கிடந்த சோப்புத் தண்ணீர்
பாட்டிலோடு கல்லாகியிருந்தது.
அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு
கெர்மிட் பெட்ருக்கின் நிலவறைக்கு இறங்கினேன்.

புது ஃபர்னஸ் அட்டைப்பெட்டியை விட்டு வந்து
மூன்று நாள் ஆகியிருந்தது.
பக்கத்தில் அவரே மாட்டிய இணைப்பு:
நெளிகிற மஞ்சள் குழாய்,
தகரத்தில் வெட்டிய ஓட்டை வழியாக நேரே உள்ளே.
"வீடியோவில் அப்படித்தான் செய்தான்."
ஃபர்னஸ் ஓடும்போதெல்லாம் தகரம் நடுங்கும்,
நடுங்குகிற விளிம்பு மெதுவான ரம்பம் என்றேன்.
அவர் பேசாமல் ஸ்பானரை எடுத்தார்.

மேலே அவர் மகள் தரீனா,
பனிக்கோட்டோடு சுற்றிய நான்கு மாதக் குழந்தை,
இரண்டு மின்கணப்புகள்,
காலையிலேயே போய்விட்ட ஒரு ஃபியூஸ்.
எப்போது முடியும் என்று அவள் கேட்கவேயில்லை.
அந்தக் கேட்காமைதான்
நாள் முழுக்க என் முதுகில் உட்கார்ந்திருந்தது.

கறுப்பு இரும்புக் குழாய்.
மரை வெட்ட வெட்ட எண்ணெய் புகைந்தது,
உலோகம் சுருள்சுருளாய்த் தரையில் விழுந்தது.
வெட்டிய வாயின் உள்விளிம்பை வழித்துவிட்டேன்.
பசையை வெளிமரையில் மட்டும்,
முதல் இரண்டு சுற்றை விட்டுத் தடவினேன்.
ஒரு ரெஞ்சு பிடிக்க, ஒரு ரெஞ்சு திருக;
பிடிக்கிற கை தூங்கினால்
திருகுகிற கை அடுத்த மூட்டைத் தளர்த்தும்.

ஃபர்னஸுக்கு முன்னால், கைக்கெட்டும் இடத்தில் வால்வு.
அதைத் தாண்டிக் கீழ்நோக்கி
எங்கும் போகாத மூன்று அங்குலம், முனையில் மூடி.
"இது எதுக்கு?"
துருவும் தூசியும் வந்து விழ.
"ஓ, எங்க வீட்ல அது நான்தான்" என்றார் கெர்மிட்.

ஃபர்னஸைத் தனியே பிரித்து, முனையை அடைத்து
காற்றை ஏற்றினேன். காற்றுதான், கேஸ் இல்லை.
பதினைந்து பவுண்டு.
கண்ணாடிக்குள் முள் எழுந்து நின்றது.
ஹாக்கி அணியின் பெயர் உதிர்ந்த கோப்பையில்
அவர் தேநீர் தந்தார்.
குடித்து முடித்துப் பார்க்கிறேன்:
கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த முள்
கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"குளிருக்குக் காற்று சுருங்கும்ல?"
சுருங்கும். உண்மைதான்.
அந்த உண்மைக்குள் நுழைந்து
நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

சோப்பு அதற்குள் உருகியிருந்தது.
முதல் சந்தேகம் பழைய மூட்டுகள் மேல்:
அவற்றுக்கு வயது, எனக்குச் சான்றிதழ்.
தூரிகையால் ஒவ்வொன்றாய்.
ஒன்றும் மூச்சு விடவில்லை.
பன்னிரண்டாவது, புது முழங்கை.
மீன்முட்டை போல
சின்னச் சின்னக் குமிழிகள்,
ஒன்று உடைய இன்னொன்று.

"இது யார் போட்டது?"
"நான்."
இருபத்திரண்டு வருட வேலையில்
அந்த ஒரு சொல்லுக்குத்தான்
அதிக முறுக்கு தேவைப்பட்டது.
மேலே குழந்தை அழுதபோது பூட்டியது,
பசையே படாத ஓர் இடம், நகக்கண் அளவு.

கழற்றினேன். துடைத்தேன். மறுபடி.
இந்த முறை அரைமணி நேரம்
ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
முள் தூங்குவதைப் பார்த்தேன்.
கெர்மிட்டும் எதிரே இன்னொரு வாளியில்.
யாரும் பேசவில்லை.

பிறகுதான் கேஸ்.
ஃபர்னஸ் இணைப்பிலும் நுரை தடவி, காத்திருந்து.
குழாயில் இருந்த காற்றை வெளியேற்றும்போது
கொஞ்சம் அழுகிய முட்டை நாறியது:
வாசமே இல்லாத ஒன்றுக்கு
யாரோ தெரிந்தே வைத்த கெட்ட பெயர்.
ஜன்னலைத் திறந்து அது முழுதும் போன பின்
சுவிட்சைப் போட்டேன்.
ஒரு க்ளிக். ஆரஞ்சாய்க் கனிந்த கம்பி. அப்புறம்
வரிசையாக நீலம்.

ஐந்து நிமிடத்தில் படி உச்சியில் தரீனா:
"ஏதோ கருகுது!"
புதுத் தகரத்தின் எண்ணெய்தான்,
பத்து நிமிடத்தில் போய்விடும் என்றேன்.
அவள் நகரவில்லை.
குழந்தையைத் தோளில் போட்டபடி
மூக்கைத் தூக்கி, பத்து நிமிடமும்
அங்கேயே நின்றாள்.
நல்லது.
என் கேஜைக் கழற்றிப் பையில் வைத்தேன்.
இந்த வீட்டில் இன்னொரு முள் இருக்கிறது.