முகநூல்: திருமதி யசோதினி

தவணைத் தொடக்கக் கூட்டக் குறிப்பில்
விளையாட்டு, சாரணர், டெங்கு ஒழிப்பு
எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில்,
என் பெயருக்கு நேரே எழுதியிருந்தது: முகநூல்.

போன் என்னுடையது. டேட்டாவும்.
வகுப்பறைகளில் சிக்னல் இல்லை.
தண்ணித்தாங்கி மேடையில் ஏறி
வெல்லாவெளிப் பக்கம் திரும்பி நின்றால்
இரண்டு கோடு வரும்.
எங்கள் அ.த.க. பாடசாலையின் விளம்பரப் பிரிவு
அங்கேதான் இயங்குகிறது.

அரசரெத்தினம் சேர் சொன்னார்:
"டவுன் பள்ளிகள்ற பக்கத்தப் பாருங்க.
பேண்ட் வாத்தியம், ட்ரோன் வீடியோ.
நம்மட்ட ஒண்டாம் வகுப்புக்கு ஏழு ஃபோம்.
ஏழு.
மறுகா ஒபிஸால வந்து
படலையப் பூட்டச் சொன்னா என்ன செய்யிற?"

படம் எடுக்கப் பழகினேன்.
ஏழு பேரை எழுபதாகக் காட்ட
முழங்காலில் குந்தி, முன்வரிசையை மட்டும்.
உடைந்த ஓடு வராமல்.
குழாய் திறப்பு விழா மூன்று கோணத்தில்;
மூன்றாவது கோணத்துக்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

சம்மதமில்லாமல் பிள்ளைகளின் முகம் போடலாகாது
என்று கடிதம் வந்தது. படிவம் கொடுத்தனுப்பினேன்.
கைரேகையோடு வந்தவை,
தேங்காயெண்ணெய்க் கறையோடு வந்தவை,
வராதவை.
மூன்றாம் வகுப்புக் கேதுஷனின் தகப்பன்
'ஆம்', 'இல்லை' இரண்டையும் வெட்டாமல்
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:
'போடுங்க. ஆனா சப்பாத்து போட்ட நாளில எடுங்க.'

புலமைப் பரிசிலில் சதுர்ஷிகா நூற்று நாற்பத்தெட்டு.
குத்துவிளக்கு, ரோசாப்பூ, தங்க எழுத்து.
முப்பத்தொரு லைக்.
அதில் எங்கள் ஆசிரியர்கள் ஒன்பது,
என்ட மனுசன் ஒன்று,
மனுசனின் பழைய கணக்கு ஒன்று.

பிறகு ஒரு வியாழன் விடியப்புறம்
ஆனை வந்தது.
மதிய உணவு அறைச் சுவரைத் தள்ளி
அரிசி இரண்டு மூடை, உப்பு ஒரு பை.
பருப்பைத் தொடவில்லை.
காவலாளி சின்னவன் எடுத்த நாற்பது செக்கன்:
இருட்டு, நடுங்கும் டோர்ச்,
"போ சாமி, போ, புள்ளைகள்ற சோறு சாமி."

ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேர் பார்த்தார்கள்.

சூரிச்சில் ஒருவர் சுவருக்குக் காசு தருவதாக எழுதி
பெயர்ப்பலகை எத்தனை அடி என்று கேட்டார்.
ஒருவர் ஆனையின் பக்கம் நின்று
எங்களை எழும்பிப் போகச் சொன்னார்.
எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம்
தாங்கி மேல் நின்று
பெருவிரல் நோக ஊர்ப்பெயரைத் தட்டினேன்.
எந்த நாளும் அவ்வளவு தரம்
யாரும் அதைக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை இரண்டு தாய்மார் வந்தார்கள்,
ஃபோமைத் திருப்பிக் கேட்டு.
"பள்ளியில பிழையில்ல டீச்சர்.
வீடியோவப் பாத்த பொறகு
காலத்தால எப்பிடி அனுப்புற?"
அவர்களில் ஒருத்தியின் வேலியை
அதே ஆனை போன மாதம் பிரித்துப் போட்டது.
அது எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

ஐந்து.

"அழிச்சிருவமா?" என்று சேர் கேட்டார்.
கேட்டுவிட்டு, என் போனை வாங்கி,
இன்னொரு தரம் பார்த்தார்.
அது பார்த்தவர்களின் தொகையில்
ஒன்றைக் கூட்டியது.
"சுவர்க் காசு வருமட்டும் கிடக்கட்டும்."

கால்கோள் விழா.
ஐந்து காகிதக் கிரீடங்கள்.
இந்தத் தரம் நான் குந்தவில்லை.
பின்னால் சுவரின் ஓட்டையும்
அதை மூடிய நீலத் தறப்பாளும் விழுந்தன.
தாங்கியில் ஏறினேன்.
அறுபத்திரண்டு வீதத்தில் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது.

கீழேயிருந்து கேதுஷன் கூப்பிட்டான்:
"டீச்சர், இண்டைக்குச் சப்பாத்து!"
தமையனுடையதாக இருக்க வேண்டும். குதியில்
இரண்டு விரல் இடைவெளி.
மேலிருந்தே ஒன்று எடுத்தேன்.
எடுத்தாயிற்று என்று சொல்ல மறந்துபோனேன்.

மணியடித்த பிறகும் அவன்
கைகளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு
அசையாமல் நின்றான்.