நாற்பத்தேழாம் வால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
நான் ஒற்றித்தான் வரைகிறேன்.
கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு,
பலகையின் மேல் புகைப்படம்,
புகைப்படத்தின் மேல் மெல்லிய தாள்,
தாளின் மேல் என் மூச்சு.

ஹூசவிக் துறைமுகத்தில் ஒன்பது குளிர்காலம்.
இருநூற்றுப் பதினோரு திமிங்கில வால்கள்.
ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும்
அதற்கு மட்டுமே உரிய கறுப்பு வெள்ளை.
பெயர் கேட்டால் திமிங்கிலம் சொல்லாது.
மூழ்கப் போகையில்
வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகும்.
அந்த இரண்டு நொடியைத்தான்
நான் இரண்டு மணிநேரம்
தடவிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்மேசையில் ஹல்பெரா.
கடலைப் பார்த்து நேரே வரைபவள்,
ரப்பரைத் தொடாதவள்.
"இது வரைவதில்லை" என்பாள் என் விளக்கைப் பார்த்து,
"ஊன்றுகோலோடு நடனம்."

கால் உடைந்தவன் ஊன்றுகோலோடு
கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருகிறானே,
அது நடையில்லையா என்பது
மறுநாள் பல் துலக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது.

அவள் வால்கள் அழகு, மறைப்பானேன்.
எடை இருந்தது. நீர் வழிவது கேட்டது.
ஆனால் பட்டியலில் இருந்த
எந்தத் திமிங்கிலத்துக்கும் அவை பொருந்தவில்லை.
உலகில் இல்லாத ஒரு விலங்கு
அவள் தாளில் அத்தனை உயிரோடு.

இதைச் சொல்லிச் சொல்லி
மார்ச் வரை நிமிர்ந்து நடந்தேன்.

மார்ச்சில் மூன்று தாள்களைக் கொண்டுவந்து
என் விளக்கின்மேல் அடுக்கினாள்.
பன்னிரண்டு, முப்பது, நாற்பத்தேழு.
மூன்றிலும் இடது மடலின் வெள்ளையில்
ஏறக்குறைய ஒரே இடத்தில்
ஒரே பருமனில்
ஒரு கறுப்புப் புள்ளி.
"ஒரே தாய் வயிறா?" என்றாள்.

படகுக்காரர் பெர்கூர்
எப்போதும் வாலை நட்டநடுவில் பிடிப்பவர்.
அவர் காமிராவுக்குள் ஒரு தூசி.

ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதான்.
மூலத்தில் செத்துக் கிடந்த ஈக்கு ஈடாக
நானும் ஒன்றைத் தேடிக் கொன்றிருக்கிறேன்,
மூன்று முறை,
சிறகு பிசகாமல்.

மையில் போட்ட புள்ளி, அழியாது.
சவர பிளேடால் சுரண்டினேன்.
நாற்பத்தேழில் மட்டும் கை கொஞ்சம் அழுந்திவிட்டது.
விளக்கைப் போட்டால்
இப்போதும் அங்கே வெளிச்சம் கூடுதல்.

மே மாதம் ஒருநாள் படகில் போனேன்.
நூறடி தொலைவில் ஒரு வால் எழுந்தது.
கண் அதை வால் என்று அறியுமுன்
கையுறைக்குள் என் ஆள்காட்டி விரல்
தானாக நகர்ந்தது.
வலது விளிம்பில் ஏறி
ஒரு வெட்டில் தடுக்கி
மறுபடி ஏறியது.
"நாற்பத்தேழு!" என்று கத்திவிட்டேன்.
பெர்கூர் என்னை
உடம்புக்கு முடியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
மாலை, படத்தை வைத்துப் பார்த்தோம்.
அதேதான்.

அன்றிரவு விளக்கில்லாமல்,
படமில்லாமல், வெறும் தாளில்
அதை வரைந்து பார்த்தேன்.
வெட்டு சொன்ன இடத்தில் நின்றது.
மற்றதெல்லாம் தகரம்.
கடலே படாத, யாரோ கத்தரித்து ஒட்டிய தகரம்.
ஒற்றும்போது கை
ஓரத்தில் மட்டுமே நடந்திருக்கிறது,
பாரத்தைத் தூக்கியதே இல்லை.

ஹல்பெரா வெகுநேரம் பார்த்தாள்.
நடனம் என்ற சொல்லை எடுக்கவில்லை.
"இந்த வெட்டு
இவ்வளவு உள்ளேயா போகும்?" என்று மட்டும் கேட்டாள்.
தன் வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள்.
அதில் வெட்டே இல்லை.

வெள்ளிக்கிழமை என் தாள்கட்டில் நான்கு தாள் குறைந்தது.
அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில்
நான்கு மூலையிலும் ஒட்டுநாடாவின் தடம்.
நடுவில், மூச்சுப்பட்டு மங்கிய வட்டம்.

நான் எதுவும் கேட்கவில்லை.
அக்குரேரியிலிருந்து தாள் வருவது
மாதத்துக்கு ஒருமுறை.
இந்தமுறை
இரண்டு கட்டு சொல்லியிருக்கிறேன்.