பாரம் நிரப்புகிறவன்

தபால் நிலையத்துக்கு எதிரே, ஆ லியோங் சைக்கிள் கடை ஓரம்
ஒரு மடக்கு மேசை, இரண்டு ரப்பர் முத்திரை.
பாரத்துக்கு மூன்று வெள்ளி.
முப்பத்தொரு வருடமாக
இந்தப் பட்டணத்தின் கையெழுத்து நான்தான்.

அவனை முதலில் பார்த்தபோது
தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தான்.
பெயர் மாசிலாமணி. மெராந்தித் தோட்டத்து மூன்றாம் லயம்.
அப்பன் கள்ளுக்கடைக்குப் பீப்பாய் உருட்டியவன்.
லைசென்ஸ் பாரம் நிரப்பக் கேட்டான்.
"தொழில்?" என்றேன்.
"எழுதாம விடுங்க, அப்புறம் சொல்றேன்."

அப்புறம் சொன்னான்.

தோட்டம் விற்றுப்போன வருடம் அது.
பால்மரங்களைச் சாய்த்து, வீடு கட்ட மண் தள்ளினார்கள்.
நாற்பது வருடம் பால் வெட்டிய கைகளில்
திடீரென்று ஒரு காசோலை, ஒரு வீட்டுச் சாவி.
அதை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.
அவனுக்குத் தெரிந்தது.

பழைய புகைக்கூடத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி.
ரப்பர் ஷீட் காய்ந்த மூங்கில்களில் மல்லிகைச் சரம்.
இப்போது பெயர் ஒளியப்பன்.
பணத்தைத் தொடமாட்டான்; தொடுவதற்கு டிரைவர் இருந்தான்.
நன்றாகத்தான் பேசினான், அதையும் சொல்லவேண்டும்.
"உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட தொரை உண்டா?" என்பான்,
பேர் சொல்லிக் கூப்பிட்டு.
பெரட்டுக் களத்தில் நம்பராய் நின்றவர்கள் அழுதார்கள்.
நானும் ஒருநாள் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

பிறகு வரிசையாக என் மேசைக்கு வந்தார்கள்.
வீடு மாற்றிக் கொடுக்கும் பாரம்.
பெறுபவர்: மாசிலாமணி.
உறவு?
"அப்பான்னு போடுங்க" என்றாள் பவளக்கொடி.
அவளுக்கு ஐம்பத்தெட்டு. அவனுக்கு முப்பத்தாறு.
பேனாவை நிறுத்தினேன்.
நிறுத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.
மூன்று வெள்ளி வாங்கியது மட்டும் நிச்சயம்.

நாற்பத்தேழு பாரம்.
ஃபாரம் என்று திருத்துவாள் வாத்தியார் மகள் ஒருத்தி.
எங்கள் வாயில் அது பாரம்தான்.

மாசி பிறந்ததும் ஊசி கூடாது என்று உத்தரவு.
சர்க்கரை என்பது நோயில்லையாம், நன்றி மறந்த ரத்தமாம்.
இன்சுலின் குப்பிகளை வாளியில் கொட்டி
அவர்களையே மிதிக்க வைத்தான்.
நாற்பது நாள் உப்புத் தண்ணீர் விரதம்.
அவன் அறைக்குப் பின்னாலிருந்து
நாய்கள் பிரியாணிப் பொட்டலங்களை இழுத்துத் திரிந்தன.
பார்த்தவர்கள் நாய்களைத் திட்டினார்கள்.

பவளக்கொடியின் கால் கறுத்தது.
மகன் கிள்ளானிலிருந்து மோட்டாரில் வந்து
கேட்டுக்கு வெளியே இரவெல்லாம் ஹாரன் அடித்தான்.
உள்ளே ஒலிபெருக்கியைக் கூட்டினார்கள்.

ஜேசிபி தோண்டியபோது மூன்று பேர்.
செம்பனைக்கு எருப் போடும் ஆழம், அவ்வளவுதான்.
வீக்கத்துக்காக ஓரம் கத்தரித்த ரப்பர் சப்பாத்தைப் பார்த்து
மகன் தலையாட்டினான்.
அந்த வாய்ப்பும் மற்ற இருவருக்கு இல்லை.

அவனைக் கொண்டுபோனபோது
கைவிலங்கின் மேல் துண்டு போட்டிருந்தார்கள்.
வேலி ஓரம் பதினோரு பேர்
அந்தத் துண்டைக் கும்பிட்டார்கள்.
இளம்பெண்கள் கொடுத்த வாக்குமூலம் தனிக் கோப்பு.
அதை எழுத என்னைக் கூப்பிடவில்லை. நல்லது.

நேற்று என்னையும் அழைத்தார் சார்ஜன்.
"நீங்களே எழுதிடுங்க, பழக்கம்தானே" என்று
தாளைத் தள்ளிவிட்டு டீ சொல்லப் போனார்.
பெயர், ஐசி எண், முகவரி
கை தானாக ஓடியது.
தொழில்.

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி
திருப்பத்தில் ஒன்றிரண்டைச் சிந்திவிட்டுப் போனது.
சார்ஜன் டீயோடு வந்தார். ஆடை படிந்துவிட்டது.
இன்னும் அந்தக் கட்டத்தில்தான் இருந்தேன்.

"இதை மட்டும்" என்றேன்,
"எழுதாம விடலாமா?"